முதலில் இருமலைப் பாருங்கள்: யூரோடைனமிக்ஸ் கிராஃபைப் படிக்கக் கற்பவர்களுக்கு

சிறுநீர்ப்பை நிரம்பும்போதும் காலியாகும்போதும் அதன் அழுத்தத்தையும் தாரையின் வேகத்தையும் அளக்கும் பரிசோதனையே யூரோடைனமிக்ஸ். அதன் கிராஃப் கைக்கு வந்ததும் புதிதாகக் கற்பவரின் கண் நேராக அடியில் அச்சாகியிருக்கும் எண்களுக்குத்தான் போகும். உச்ச வேகம் இவ்வளவு, டெட்ரூசர் எனும் பைத்தசையின் அழுத்தம் இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு. அந்த எண்களைப் போட்டது கணினி. நோயாளியின் கால் சிறுநீர் பிடிக்கும் புனலில் இடித்தாலும் அந்தத் துள்ளலையே உச்ச வேகம் என்று அது குறித்துவைக்கும். வயிற்றழுத்தம் அறிய மலக்குடலில் வைத்த குழாய் பாதி வெளியே வந்திருந்தாலும், அது காட்டும் எண்ணைக் கூசாமல் கழித்துக் கணக்குப் போடும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கோடுகளை நம்பலாமா? நம்பலாம் என்றால், நோயாளி வீட்டில் படும் அவஸ்தை இங்கே பரிசோதனையிலும் வந்ததா? எண்கள் அதற்குப் பிறகு.

சிறுநீர்ப்பைக்கு வேலை இரண்டு: அழுத்தம் ஏறாமல் சேர்த்துவைப்பது, வேண்டியபோது மிச்சமில்லாமல் வெளியேற்றுவது. “தாரை மெல்லிசா வருது, முக்கித்தான் போகணும்” என்று 65 வயதுக்காரர் ஒருவர் சொன்னால் பிராஸ்டேட் அடைத்திருக்கலாம். அடைப்பே இல்லாமல் பையின் தசையான டெட்ரூசர் சோர்ந்தும் போயிருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயில் இரண்டாவதும் நடப்பதுதான். புகார் ஒன்றே, வைத்தியம் வேறு. முன்னவருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும், பின்னவருக்கு அநேகமாக ஏமாற்றமே மிஞ்சும். இதைப் பிரித்துக் காட்டத்தான் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் அளக்கிறோம்.

பரிசோதனைக்கு முன் நோயாளி 3 நாள் டைரி எழுதி வர வேண்டும்: எப்போது போனார், எத்தனை மி.லி. போனார், எப்போது கசிந்தது, என்ன குடித்தார். இதைத் தவிர்த்துவிட்டு நேரே குழாய் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பின்னால் வரும் பாதிக் குழப்பங்களுக்கு அதுவே காரணம். டைரியில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 300 மி.லி. போகிறவருக்கு நீங்கள் 550 மி.லி. ஏற்றியிருந்தால், கடைசி 250 மி.லி.யில் கண்டதெல்லாம் அவர் வாழ்க்கையில் நடக்காத சங்கதி.

குழாய் இல்லாமல் கிடைப்பது

யூரோஃப்ளோ, சிறுநீர் வரும் வேகத்தை மட்டும் அளக்கும் எளிய சோதனை. நோயாளிக்கு இயல்பாக முட்டும்போது, தனியறையில், ஆண் அவருக்குப் பழகிய நிலையிலும் பெண் உட்கார்ந்தும் புனலில் போக வேண்டும். வெளியே வந்தது 150 மி.லி.க்குக் குறைவென்றால் அந்த கிராஃபை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி எடுங்கள். மறுபக்கம், மணிக்கணக்கில் அடக்கிவைத்துப் பை அளவுக்கு மீறி விரிந்திருந்தாலும் வேகம் குறையும்.

முதலில் வடிவம். ஆரோக்கியமான தாரை மணியைக் கவிழ்த்தது போல ஏறி இறங்கும். தாழ்வாக நீண்டு இழுபடும் கோடு அடைப்பாகவும் இருக்கலாம், தசைச் சோர்வாகவும் இருக்கலாம். மேல்பக்கம் மேஜைபோலத் தட்டையாக இருந்தால் சிறுநீர் வெளியேறும் பாதையில் தழும்புச் சுருக்கம் இருக்கிறதா என்று யோசியுங்கள். விட்டுவிட்டு வரும் மேடுகள் பெரும்பாலும் வயிற்றை முக்கிப் போவதன் அடையாளம். அதன்பின் உச்ச வேகம். ஆண்களில் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் என்றால் பொதுவாக நிம்மதி, 10-க்குக் கீழ் என்றால் விசாரிக்க வேண்டும். ஆனால் வேகம் மட்டுமே அடைப்பை நிரூபிக்காது. பலமான தசை அடைப்பையும் மீறித் தள்ளி 16 காட்டும் ஆண்களும் உண்டு.

ஊசிமுனை போல எழும் துள்ளல்களைக் கையால் திருத்துங்கள். 2 நொடிக்கும் குறைவாக நிற்கும் எந்த உச்சமும் தசையின் வேலை அல்ல. தாரை புனலின் ஓரத்துக்கும் நடுவுக்கும் அலைந்திருக்கும், அல்லது ஆண் தன் உறுப்பின் நுனியை அழுத்தி விட்டிருப்பார். கணினி 22 என்று அச்சிட்ட கிராஃபில் துள்ளலை வழித்துவிட்டால் மிஞ்சுவது 11 ஆக இருக்கலாம். அந்த வித்தியாசத்தில் ஒருவருக்கான அறிவுரையே மாறிவிடும்.

போய் வந்த உடனே ஸ்கேனில் எஞ்சிய சிறுநீரைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் மி.லி. வரும்: 8, 7, 6 செ.மீ. என்றால் ஏறத்தாழ 175 மி.லி. 50-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. ஸ்கேன் அறை வரிசையில் அரை மணி காத்திருந்துவிட்டு எடுத்த 175-ஐ நம்பாதீர்கள். காலையில் குடிக்கவைத்த ஒரு லிட்டர் அதற்குள் கீழே இறங்கியிருக்கும். ஒரு தடவை அதிகமாக இருந்தால் இன்னொரு தடவை பார்த்த பிறகே எழுதுங்கள்.

கழித்துப் பெறும் அழுத்தம்

இனி குழாய்கள். 6 அல்லது 7 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவுள்ள இரட்டைவழிக் கதீட்டர், அதாவது மெல்லிய குழாய், பைக்குள் போகிறது. ஒரு வழியில் சலைன் ஏறும், மறுவழியில் அழுத்தம் அளக்கப்படும். சிறு பலூன் உள்ள இன்னொரு குழாய் மலக்குடலுக்குள். திரையில் மூன்று அழுத்தக் கோடுகள்: பைக்குள் இருப்பது பி-வெஸ், மலக்குடல் வழியாக அறியும் வயிற்றழுத்தம் பி-ஆப், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பி-டெட். அலகு சென்டிமீட்டர் நீர்; இனி எண்ணை மட்டும் சொல்கிறோம்.

டெட்ரூசர் அழுத்தத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கழித்துத்தான் பெறுகிறோம். அதனால் மேலே இருக்கும் இரண்டு கோடுகளில் எது பொய் சொன்னாலும் மூன்றாவது கோடு பொய் சொல்லும், அதுவும் பார்ப்பதற்கு நோய் போலவே. பி-டெட்டைத் தனியாகப் படிக்கவே கூடாது. அது ஏறும்போதும் இறங்கும்போதும் மேலே எந்தக் கோடு அசைந்தது என்று கண் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை தானே வரும்.

நம்பலாமா என்பதற்கு மூன்று சோதனைகள். அழுத்தத்தை உணரும் கருவியான டிரான்ஸ்டியூசரை வெளிக்காற்றுக்குத் திறந்து பூஜ்யம் வைத்திருக்க வேண்டும், அதன் உயரம் இடுப்பின் முன்னெலும்பான பியூபிஸின் மேல்விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். இது முதல் சோதனை. நோயாளி எழுந்து உட்கார்ந்தால் டிரான்ஸ்டியூசரையும் நகர்த்த வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்து கிடந்தால் பி-வெஸ், பி-ஆப் இரண்டிலும் 10 கூடும். கழித்தலில் அது மறைந்துபோகும், கசிவு அழுத்தத்தில் மறையாது.

இரண்டாவது, தொடக்க அழுத்தம். படுத்திருந்தால் 5 முதல் 20, உட்கார்ந்தால் 15 முதல் 40, நின்றால் 30 முதல் 50. பி-டெட் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு கோடுகளும் பூஜ்யத்தில் தொடங்கினால், யாரோ நோயாளியின் உடலுக்குள் குழாய் இருக்கும்போதே பூஜ்யப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. பி-டெட் கணிசமாக மைனஸில் போவதும் உடலில் நடக்காத காரியம், எங்கோ பிழை.

மூன்றாவதுதான் இருமல். நோயாளியை இருமச் சொன்னால் பி-வெஸ், பி-ஆப் இரண்டும் ஒரே உயரத்துக்கு எகிற வேண்டும். பி-டெட்டில் மேலும் கீழுமாக ஒரு சின்னத் துடிப்பைத் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது. உதாரணமாக, இருமும்போது பி-வெஸ் 30-இலிருந்து 110-க்குப் போகிறது, பி-ஆப் 28-இலிருந்து 78-க்குத்தான் போகிறது. பி-டெட் 2-இலிருந்து 32-க்குத் தாவும். அந்த 30-உம் பொய். மலக்குடல் குழாயில் காற்றுக்குமிழியோ, பலூனைச் சுற்றி மலமோ இருக்கலாம். பி-டெட் கீழ்நோக்கிக் குத்தினால் பிரச்சினை பைக்குழாயில்: காற்று, மடிப்பு, அல்லது நுனி பையின் சுவரில் ஒட்டியிருப்பது. சிறிது சலைன் செலுத்திக் கழுவி, மறுபடி இருமவைத்து, சரியான பிறகே நிரப்பத் தொடங்க வேண்டும். அதன்பின் நிமிடத்துக்கு ஒரு தடவை அல்லது 50 மி.லி.க்கு ஒரு தடவை இருமல். சிறுநீர் கழிக்கும் முன் ஒன்று, கழித்த பின் ஒன்று. ஐ.சி.எஸ். எனப்படும் சர்வதேச கான்டினென்ஸ் சங்கம் 2002-இல் வகுத்து 2016-இல் புதுப்பித்த நடைமுறை விதிகளும் இதைத்தான் வலியுறுத்துகின்றன. கிராஃபில் இருமலே இல்லையென்றால் அதை விளக்க ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

இருமல்களுக்கு நடுவில் பேச்சு, மூச்சு, அசைவு எல்லாம் இரண்டு கோடுகளிலும் மெல்லிய நடுக்கமாகத் தெரிய வேண்டும். செத்த பாம்பு போல நெளிவில்லாமல் கிடக்கும் கோட்டில் சிக்னல் இல்லை.

நிரப்பும்போது

சலைனைப் பொதுவாக நிமிடத்துக்கு 20 முதல் 50 மி.லி. வரை ஏற்றுகிறோம். உடல் எடையை 4-ஆல் வகுத்தால் இயற்கையாகப் பை நிறையக்கூடிய உச்ச வேகம் வரும் என்பது ஐ.சி.எஸ். கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு அது 15 மி.லி.தான். நாம் வழக்கமாக ஏற்றும் வேகமே இயற்கைக்கு மீறியது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு 10 முதல் 20 போதும். குழந்தைகளுக்கு வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் கொள்ளளவு: 7 வயதுக்கு 240 மி.லி. அதில் நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம், அதாவது 12 முதல் 24 மி.லி.

உணர்வை நோயாளியின் மொழியில் கேளுங்கள். “உள்ளே ஏதோ சேருதுன்னு எப்போ தெரியுது?”, “வீட்டில் இருந்தால் இப்போ எழுந்து போவீங்களா?”, “இதுக்கு மேல தாங்காதா?” ஒவ்வொன்றுக்கும் எத்தனை மி.லி. என்று குறியுங்கள். சர்க்கரை நோய் நரம்பைத் தொட்டிருந்தால் முதல் உணர்வே பிந்தி வரும், 600 மி.லி. தாண்டியும் நோயாளி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். அங்கே பம்பை நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

நிரப்பும் கட்டத்தில் பி-டெட்டில் தேட வேண்டியவை இரண்டு: அலை, ஏற்றம். நோயாளி போக முயலாதபோதே பி-வெஸ்ஸும் பி-டெட்டும் சேர்ந்து மேடாக எழுந்து, பி-ஆப் அசையாமல் இருந்தால் அது டெட்ரூசர் தன்னிச்சையாகச் சுருங்குவது. அலை இத்தனை உயரம் இருந்தாக வேண்டும் என்ற பழைய 15 என்ற வரம்பு இப்போது இல்லை. அந்த நொடியில் “ஐயோ, வருது” என்று அவர் சொன்னாரா, கசிந்ததா என்பதைப் பக்கத்தில் எழுதினால்தான் அலைக்கு அர்த்தம். பி-வெஸ் சமமாகக் கிடக்க பி-ஆப் இறங்கினாலும் பி-டெட்டில் இதே மேடு தோன்றும், அது போலி. மலக்குடல் தானாகச் சுருங்கும்போது பி-ஆப் ஏறி பி-டெட்டில் பள்ளம் விழும். அதுவும் பையின் கதை இல்லை.

இருமினால் கசிகிறது என்று வரும் பெண்களிடம் நேரத்தைக் கவனியுங்கள். இருமும் அதே கணத்தில் கசிந்து நின்றால் அது அழுத்தக் கசிவு. இருமி இரண்டு மூன்று நொடி கழித்து, பி-டெட் மேடு எழுந்து, நிறையக் கசிந்தால் இருமல் டெட்ரூசரைத் தூண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் கேட்கவைப்பதும் கையை நனைப்பதும் அலையை வரவழைக்கும் உத்திகள். அப்படியும் வராவிட்டால் “இல்லை” என்று எழுதாதீர்கள். “இன்று காணவில்லை” என்பதே சரி. அடக்க முடியாத அவசரம் உள்ள பலரிடம் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு.

கசிவு எங்குமே தெரியவில்லை, நோயாளியோ தினமும் துணி மாற்றுகிறேன் என்கிறார் என்றால் குழாய் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துவிட்டு நிற்கவைத்து இருமச் சொல்லுங்கள். முக்கும்போது கசியும் குறைந்தபட்ச வயிற்றழுத்தம் 60-க்குக் கீழ் என்றால் வாசலை மூடிவைக்கும் சுருக்குத்தசையே பலவீனம், 90-க்கு மேல் என்றால் தாங்குதளம் தளர்ந்தது என்பது வழக்கமான பிரிப்பு. நடுவில் விழுவோர் அதிகம், அதனால் இந்த எண்ணுக்கு அளவுக்கு மீறி மரியாதை தர வேண்டியதில்லை.

அலையில்லாமல் சரிவுப்பாதை போல பி-டெட் ஏறிக்கொண்டே போனால் பையின் நெகிழ்வு குறைந்திருக்கிறது. ஏற்றிய அளவை, ஏறிய பி-டெட்டால் வகுக்க வேண்டும். 400 மி.லி.க்கு 2-இலிருந்து 8 என்றால் 400-ஐ 6-ஆல் வகுத்து 67, நல்ல பை. 250 மி.லி.க்குள் 2-இலிருந்து 27 என்றால் 10, இறுகிய பை. தீர்ப்புக்கு முன் பம்பை நிறுத்திக் காத்திருங்கள். அழுத்தம் தணிந்தால் உங்கள் அவசரம்தான் அதை ஏற்றியது, தணியவில்லையென்றால் உண்மை. இது சிறுநீரகத்தின் விவகாரம் என்பதால் இங்கே அலட்சியம் கூடாது. 1981-இல் சிறுநீரியல் மருத்துவர் மெக்வயரின் குழுவினர் பிறவித் தண்டுவடக் குறையுள்ள பிள்ளைகளில், கசியும் கட்டத்தில் டெட்ரூசர் அழுத்தம் 40-ஐத் தாண்டியவர்களுக்கே மேலே சிறுநீர்க்குழாயும் சிறுநீரகமும் கெடுவதைக் காட்டினார்கள். அந்த 40 இன்றும் அபாயக் கோடாக நிற்கிறது. ஒரு பொறி உண்டு: சிறுநீர் மேலே சிறுநீர்க்குழாய்க்குள் திரும்பி ஏறினால் அழுத்தம் அங்கே வடிந்து, இறுகிய பையும் நல்ல பைபோலத் தெரியும். எக்ஸ்ரேயோடு சேர்த்து எடுக்கும் வீடியோ யூரோடைனமிக்ஸ் இத்தகையவர்களுக்குத்தான்.

கழிக்கும்போது

“இப்போது போகலாம்” என்று அனுமதி கொடுத்த நேரத்தை கிராஃபில் குறியுங்கள். அதற்கு முன் வந்த சுருக்கமும் பின் வந்ததும் வேறு வேறு. பார்க்க வேண்டியது உச்ச வேகத்தின்போது இருந்த பி-டெட், உச்ச பி-டெட் அல்ல. சிறுநீர் பையிலிருந்து கிளம்பிப் புனலை அடைய ஒரு நொடி அளவு பிடிக்கும் என்பதால் வேகக் கோடு சற்றுத் தாமதமாக வரும். கழித்து முடித்தபின் தனியாக எழும் பெரிய மேட்டைக் கணினி உச்சம் என்று பிடித்துக்கொள்வதும் உண்டு, அதை ஒதுக்குங்கள்.

ஆண்களுக்குக் கணக்கு எளிது. அந்த பி-டெட்டிலிருந்து உச்ச வேகத்தின் இரு மடங்கைக் கழித்தால் அடைப்பு எண்: 40-க்கு மேல் அடைப்பு, 20-க்குக் கீழ் இல்லை, நடுவில் சந்தேகம். அதே பி-டெட்டோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் சுருங்குதிறன் எண்: 100-க்குக் கீழ் பலவீனம், 150-க்கு மேல் மிகப் பலம்.

உச்ச வேகம் 7 மட்டுமே உள்ள மூன்று ஆண்களை வரிசையாக வைப்போம். முதல்வரின் பி-டெட் 78. அடைப்பு எண் 78-இல் 14 போக 64, சுருங்குதிறன் 78-உம் 35-உம் 113. தசை நன்றாக இருக்கிறது, வாசல் அடைத்திருக்கிறது. இரண்டாமவர் 24. அடைப்பு எண் 10, சுருங்குதிறன் 59. வாசல் திறந்தே இருக்கிறது, தள்ள ஆளில்லை. மூன்றாமவர் 45. அடைப்பு எண் 31, சுருங்குதிறன் 80. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம், இங்கே எண் முடிவு சொல்லாது, மற்ற விவரங்களோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யூரோஃப்ளோவில் மட்டும் பார்த்திருந்தால் மூவரும் ஒரே ஆள்.

இந்தக் கணக்கைப் பெண்களுக்குப் போடாதீர்கள். பெண்கள் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே, சிலர் இடுப்புத்தளத்தைத் தளர்த்தி மட்டுமே கழித்துவிடுவார்கள். வேகம் 12-க்குக் கீழும் பி-டெட் 25-க்கு மேலும் சேர்ந்து வந்தால் அடைப்பைச் சந்தேகிப்பது ஒரு நடைமுறை. உறுதிக்குப் படம் வேண்டும்.

குழாயோடு வந்த வேகத்தை முன்பு எடுத்த யூரோஃப்ளோவோடு ஒப்பிடுங்கள். அங்கே 14, இங்கே 5 என்றால் இங்கே நடந்தது அவருடைய வழக்கமில்லை. விளக்கு வெளிச்சத்தில், நான்கு பேர் பார்க்க, இரண்டு குழாயோடு போகச் சொன்னால் யாருக்குத்தான் வரும்? அறையை விட்டு வெளியேறி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நேரம் கொடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் “பரிசோதனையில் கழிக்க இயலவில்லை” என்று எழுதுங்கள். “டெட்ரூசர் சுருங்கவில்லை” என்று எழுதினால் அந்த முத்திரை ஆயுளுக்கும் கூடவே போகும்.

கழிக்கும்போதுதான் குழாய்களும் இடம் மாறும். நடுவில் பி-வெஸ் செங்குத்தாக விழுந்தால் கதீட்டர் சிறுநீரோடு வெளியே வந்துவிட்டது. தொடக்கத்திலேயே பி-ஆப் பழைய மட்டத்துக்குக் கீழே இறங்கினால் இடுப்புத்தளம் தளர்ந்ததால் இருக்கலாம், அந்த அளவுக்கு பி-டெட் ஊதிப்போயிருக்கும். கழித்த பின் வரும் கடைசி இருமலில் இரண்டு கோடுகளும் சமமாக எகிறினால்தான் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை நம்பலாம்.

தசை மின்பதிவான ஈ.எம்.ஜி. கோட்டை அளவோடு நம்புங்கள். ஒட்டுப்பட்டை நனைந்தாலே அது தாறுமாறாக எகிறும். பை சுருங்கும்போது சுருக்குத்தசையும் இறுகுவதை டிஸ்ஸினெர்ஜியா என்று எழுத நரம்பு நோய் இருந்தாக வேண்டும், இல்லாதவருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

யாருக்கு, எப்போது

சிறுநீர்த்தொற்று இருந்தால் தள்ளிப்போடுங்கள். அழற்சியுள்ள பை காட்டுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தொற்று இரத்தத்தில் ஏறவும் கூடும். மார்புத் தண்டுவடத்தின் 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்களுக்கு இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பாருங்கள். திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் எகிறுதல் வந்தால் உடனே பம்பை நிறுத்திப் பையைக் காலி செய்து, நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள் எரிச்சல் இருப்பது இயல்பு. குளிர்க்காய்ச்சல் வந்தால் திரும்பி வரச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. 2012-இல் அமெரிக்காவில் 630 பெண்களிடம் நடந்த ‘வேல்யூ’ ஆய்வில், சிக்கலில்லாத அழுத்தக் கசிவுக்கு அறுவைக்கு முன் யூரோடைனமிக்ஸ் செய்தவர்களிலும் செய்யாதவர்களிலும் ஓராண்டில் ஏறக்குறைய 77 சதவீதத்தினர் குணம் கண்டார்கள். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ‘அப்ஸ்ட்ரீம்’ ஆய்வும், ஆண்கள் எல்லோருக்கும் வழக்கமாக இதைச் செய்வதால் அறுவை எண்ணிக்கை குறையவில்லை என்றது. தண்டுவட நோய், முன்பே தோற்ற அறுவை, புகாரும் பரிசோதனையும் முரண்படுவது போன்ற இடங்களில்தான் இது தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

ரிப்போர்ட்டை எண்களின் பட்டியலாக விடாதீர்கள். மேலே சொன்ன இரண்டாமவருக்கு இப்படி எழுதலாம்: “கேள்வி: மெல்லிய தாரைக்குக் காரணம் அடைப்பா? தரம்: தொடக்கத்திலும் முடிவிலும் இருமல் சமம்; கழித்தல் கட்டம் நம்பத்தக்கது. நிரப்புகையில் தன்னிச்சைச் சுருக்கம் காணவில்லை. முதல் உணர்வு 380 மி.லி.யில், தாமதம். கழித்தல்: உச்ச வேகம் 7, அப்போது பி-டெட் 24, அடைப்பு எண் 10, சுருங்குதிறன் எண் 59. வீட்டில் போவது போலவே இருந்தது என்றார். முடிவு: அடைப்பு இல்லை, டெட்ரூசர் பலவீனம்.”